பாரெட்ஸ் அரண்மனையும் நம் சங்கமும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. பிரஷ்ய அரசி லூயிஸே 1810இல் கடைசியாக இங்கே, ஜெர்மனியின் பாரெட்ஸ் கிராமத்து அரண்மனைக்கு, வந்துபோன மே 20ஆம் நாளை நினைவுகூர்ந்தோம். பூங்காவில் சருகு கூட்டினோம்.

அடுத்தது, விருந்தினர்களை ஊருக்குள் கூட்டிப்போய்க் காட்டும் ஊர் நடை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வருகிறவர்கள் மாளிகைச் சுவரில் ஒட்டியிருக்கும் சித்திரச் சுவர்த்தாள்களைப் பார்த்துவிட்டு நேராகக் காரில் ஏறிவிடுகிறார்கள். பாரெட்ஸின் பாதி தெருவில்தான் இருக்கிறது என்று ஆறு வருடமாகச் சொல்லி வருகிறேன். 1797இல் இந்தப் பண்ணை லூயிஸேயின் கணவர், பட்டத்து இளவரசர் பிரீட்ரிஷ் வில்ஹெல்ம் கைக்கு வந்தபோது, கட்டடக் கலைஞர் டாவிட் கில்லி மாளிகையோடு நிற்கவில்லை. வீடு, தொழுவம், களஞ்சியம் என்று ஊரையே புதிதாக வடிவமைத்தார். கொல்லன் பட்டறைக்குக்கூட கோதிக் பாணியில் கூர்வளைவு ஜன்னல் வைத்தார். மாளிகையோ நீளமாக, தாழ்வாக, அதிக அலங்காரமில்லாமல் இருக்கிறது. ஏழைப் பண்ணையார் ஒருவருக்குக் கட்டுவதாக நினைத்துக் கட்டுங்கள் என்று இளவரசர் சொன்னாராம். பட்டறையையும் பார்த்தால்தான் அந்தப் பேச்சு புரியும்.

நடையைத் தோட்டக் கூடத்தில் தொடங்கினேன். சுவரெல்லாம் அயல்நாட்டுச் செடிகளும் பறவைகளும். ஜன்னல் பக்கமாக ஒதுங்கி நின்று பார்த்தால் தாளோடு தாள் ஒட்டிய கோடு தெரியும். நீளத் தாள் செய்யும் இயந்திரம் வராத காலம் அது. 1947இல் இவற்றை உரித்தெடுத்துப் பாதுகாத்தார்கள். பிறகு மாளிகை விவசாயப் பள்ளியானது. கில்லியின் முகப்பு சொரசொரப்பான பூச்சுக்குள் போனது. முகப்பை மீட்டு, தாள்களைத் திரும்ப ஒட்டி, 2002இல் திறந்தார்கள். தாள் ஒட்டிய அந்தக் கோடு கண்ணில் பட்டதும் ஒரு சிறுமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், தவறிக்கூடத் தொட்டுவிடக் கூடாதென்று.

வழிகாட்ட 12 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜூன் மாதம் முதல் நடைக்கு வந்தது பொருளாளரும் நானும் மட்டுமே. மழையில் விருந்தினர்கள் காத்து நின்றார்கள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நானே நடத்தினேன். வர முடியாவிட்டால் முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சிலருடைய சந்தா இரண்டு வருடமாக வரவில்லை. துண்டறிக்கைக்கு அச்சுக்கூலி என் கையிலிருந்து போட்டேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சந்தா வந்தால் போதும்.

அரண்மனை ஊழியர்களுக்கும், காபி போட்டுக் கொடுத்தவர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு களஞ்சியங்களையும் நடையில் சேர்க்க ஆசை. ஆனால் என் முழங்காலுக்கு இந்த ஒரு கோடையே அதிகம். தேவாலயம், பட்டறை, களஞ்சியம் மூன்றுக்கும் ஆளுக்கொருவர் கிடைத்தால் தொடரலாம். இல்லையென்றால் மே மாதமே நிறுத்த வேண்டிவரும். நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.