அந்த வேலையை விட்டுவிடாதே, பாப்பா

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி டூட்டி முடிந்து பேருந்தில் போய்க்கொண்டே நீ பேசியது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே உனக்குத் தூக்கம் வந்துவிடும், இல்லையென்றால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். ஆஃப் நாளில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

எல்லாரும் நேரத்துக்கு வேலையை முடிக்கிறார்கள், நான் மட்டும் பின்தங்குகிறேன் என்றாய். சிஸ்டர், அந்த மூத்த தாதி, எல்லார் முன்னாலும் ஏசினார் என்றாய். கடைசியில் குரலை இறக்கி, "பெரியம்மா சொன்னது சரிதான் போலம்மா, இவ்வளவு படிச்சது பெட்பேன் தூக்கத்தானா" என்றாய். ஏச்சையும் வேகத்தையும் பிறகு பார்க்கலாம். அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்குச் சுருக்கென்றது.

பெரியம்மா இதை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே சொன்னவர். அப்போது எங்களை அசிஸ்டன்ட் நர்ஸ் என்பார்கள். மருந்து வண்டி ஸ்டாஃப் நர்ஸ் கையில். துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, நாடி, ரத்த அழுத்தம் மாதிரி பாராமீட்டர் எடுப்பது எங்கள் கையில். கட்டணம் குறைந்த சி கிளாஸ் வார்டில், மின்விசிறிக் காற்றில், வரிசை வரிசையாகக் கட்டில்கள். அந்த வேலையில்தான் நான் தாதி ஆனேன். நீ ரெஜிஸ்டர்ட் நர்ஸ், என்னைவிட அதிகம் படித்தவள். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: உடம்பு துடைக்கிற வேலையை முழுக்க உதவியாளர்களிடம் விட்டுவிடாதே. ஒரு ஷிப்டில் ஒரு நோயாளிக்காவது நீயே கூட நின்று துடை. நீ படித்த படிப்பு அங்கேதான் வேலை செய்யும்.

ஒரு சீனப் பாட்டி. இடுப்பு எலும்பு முறிந்து, ஆப்பரேஷன் முடிந்து படுத்திருந்தார். தியோச்சூ தவிர வேறு பேச்சுத் தெரியாது. காலையில் துடைக்கும்போது குதிகாலைக் கையில் ஏந்திப் பார்த்தேன். ஒரு வெள்ளிக் காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்திவிட்டு எடுத்தேன். நல்ல தோல் என்றால் ஒரு நொடி வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் அது. தோல் இன்னும் கிழிந்திருக்காது, அவருக்கு வலித்திருக்கவும் இல்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினோம். புண் ஆகாமலே வீட்டுக்குப் போனார். அந்தக் குதிகாலை யாரும் தூக்கிப் பார்க்காமல் போர்வையை மட்டும் சரிசெய்துவிட்டுப் போயிருந்தால், அவர் இன்னும் எத்தனையோ வாரம் அங்கேயே கிடந்திருப்பார்.

இன்னொன்றும் கேள். புத்தகத்தில் சிவப்பு என்று போட்டிருக்கும். நம் தாத்தா பாட்டிமார் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. கறுத்த தோலில் அந்த இடம் பக்கத்துத் தோலைவிடக் கருநீலமாகத் தெரியலாம். சூடாக இருக்கலாம், சில்லென்றும் இருக்கலாம். கெட்டிப்பட்டிருக்கலாம், கொழகொழவென்றும் இருக்கலாம். புறங்கையை வைத்துப் பார்த்து, பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணிக்கிற பிராடென் ஸ்கோர் போடு, அது வேண்டும். ஆனால் அது ஆபத்து யாருக்கு என்று சொல்லுமே தவிர, எந்த இடம் என்று சொல்லாது.

துடைக்கும்போது வேறு என்னென்ன தெரியும் என்று யோசித்துப் பார். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னால் அறுத்திருக்கும். நேற்று கையைத் தூக்கிக் கொடுத்தவர் இன்று தூக்கவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும். நம் ஆட்களிடம் நீரிழிவு எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. மரத்துப்போன காலில் முள் தைத்தாலும் தெரியாது. விரலிடுக்கை விரித்துப் பார். அந்த நேரத்தில்தான் மனிதர்களும் வாய் திறப்பார்கள். டாக்டர் ரவுண்டில் "ஓகே, ஓகே" என்று தலையாட்டியவர், முதுகைத் துடைக்கும்போதுதான் "ராத்திரியெல்லாம் நெஞ்சு அடைக்குது மிஸ்ஸி" என்பார்.

மூச்சு எண்ணுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் மெஷின் சொல்லிவிடும். மூச்சைச் சாதாரண வார்டில் நீதான் எண்ண வேண்டும். வார்டு முழுக்க 18, 18, 18 என்று எழுதி வைத்த சார்ட்டைப் பார்த்தால் எனக்கு வரும் கோபம் வேறு எதற்கும் வராது. ஓர் ஆளின் உடம்பு கெடத் தொடங்கும்போது பல சமயம் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான். ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டு, விழும்போது மளமளவென்று விழும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12-லிருந்து 20 வரை சரி. 24, 26 என்று ஏறினால், ஆள் சிரித்துப் பேசினாலும் நம்பாதே. முழு ஒரு நிமிடம் எண்ணு. எண்ணப்போகிறேன் என்று சொன்னால் அவர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைக் கவனி.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். முதல் வருஷத்தில் வேகம் வராது. வரவும் கூடாது என்பது என் எண்ணம். மருந்து நேரத்தில் ஒரு பக்கம் பெல் அடிக்கும், இன்னொரு பக்கம் உறவினர் வந்து நிற்பார், டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்று யாராவது கேட்பார். வண்டி உன் கையில் இருக்கும்வரை "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லக் கற்றுக்கொள். பெயர், அடையாள அட்டை எண் இரண்டையும் பார், கைப்பட்டையை ஸ்கேன் பண்ணு. ஒரே வார்டில் இரண்டு டான், இரண்டு அகமது, இரண்டு முத்துசாமி படுத்திருப்பது நம் ஊரில் புதிதில்லை. இன்சுலினை இன்னொருவரிடம் காட்டாமல் போடாதே. யூனிட் என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதினால் சைபர் என்று படித்துவிட்டுப் பத்து மடங்கு போட்டுவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் முழுச் சொல்லாக எழுதச் சொல்கிறார்கள்.

நன்யாங் பாலிடெக்னிக்கில் மருந்துக் கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் நம் அடுப்படி மேசையில் உட்கார்ந்து நீ போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு லிட்டர் சலைன், எட்டு மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு 42 சொட்டு என்று வந்த பிறகும் விடாமல் தலைகீழாகப் போட்டுச் சரிபார்த்தாய். இப்போது பம்ப் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. இருந்தாலும் மணிக்கு 125 மில்லி வர வேண்டிய இடத்தில் 1250 என்று தட்டியிருந்தால், உன் மனக்கணக்குதான் முதலில் கூச்சல் போட வேண்டும். அந்தச் சரிபார்க்கிற புத்திதான் உன்னை மெதுவாக்குகிறது என்றால், நீ மெதுவாகவே இரு.

தெரியாததைக் கேள். போன வாரம் கேட்டதையே இந்த வாரமும் கேட்க வேண்டியிருந்தால் அப்போதும் கேள். அதிகாலை மூன்று மணிக்கு ஹவுஸ்மேனை, அந்தப் பயிற்சி டாக்டரை, எழுப்பக் கூச்சமாக இருக்கிறது என்றாயே, உனக்குச் சொல்லிக்கொடுத்த ஐஸ்பார் முறையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனை எடு. நீ யார், நோயாளி யார், இப்போது என்ன நடக்கிறது, எதற்காகச் சேர்ந்தவர், நீ பார்த்தது என்ன, உனக்கு என்ன வேண்டும். பயந்த பிள்ளைகள் அந்தக் கடைசியைத்தான் விழுங்கிவிடுவார்கள். "டாக்டர், நீங்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்.

சிஸ்டர் எல்லார் முன்னாலும் ஏசியது தப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். எதற்காக ஏசினார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு உனக்கு வேலை பழக்குகிற ப்ரீசெப்டரிடம் போய், "இதை எனக்கு இன்னொருமுறை காட்டுங்கள்" என்று கேள். இதே கதை தொடர்ந்தால் நர்ஸ் மேனேஜரிடம் சொல்.

நீ வந்த பாதையை நீயே குறைத்து எடைபோடாதே. நார்மல் லெவல் முடித்து, சீமெய் ஐடிஇ தொழில்நுட்பக் கல்லூரியில் நைட்டெக் சான்றிதழ், அதன் பிறகு அங் மோ கியோவில் இருக்கும் நன்யாங்கில் டிப்ளோமா. நாங்கள் ஊட்ரமில் தாதியர் பள்ளிக்குப் போனோம். 1992-லிருந்துதான் நன்யாங்கில் பட்டயப் படிப்பு. 2006-ல் தேசியப் பல்கலைக்கழகமும் பட்டப்படிப்புக்கு ஆள் எடுக்கத் தொடங்கியது. உனக்கு முன்னால் கதவு நிறைய இருக்கிறது. டிகிரி முடித்து, மாஸ்டர்ஸும் படித்து, அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்ஸ் ஆக வேண்டும் என்றால் படி, நானும் அப்பாவும் இருக்கிறோம். இங்கே ஆகஸ்ட் 1 தாதியர் தினம் எதற்காக என்று தெரியுமல்லவா? 1885-ல் அன்றுதான் கான்வென்ட் கன்னியாஸ்திரிகள் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் கையிலும் துணியும் தண்ணீர்ப் பேசினும்தான் இருந்திருக்கும்.

பெரியம்மாமேல் கோபப்படாதே. அவர் பயத்தில் பேசுகிறவர். 2003-ல் சார்ஸ் வந்தபோது உனக்கு நடை வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இந்த ஊரில் 238 பேருக்கு வந்தது, 33 பேர் போனார்கள். நோய் கண்டவர்களில் நிறையப் பேர் மருத்துவமனை ஊழியர்கள். டான் டோக் செங் மருத்துவமனையில் தாதியாக இருந்த ஹமீதா இஸ்மாயில் அந்த மே மாதம் இறந்தார். நான் வேறு மருத்துவமனையில்தான் இருந்தேன், இருந்தும் சீருடையில் வந்தால் புளோக்கில் சிலர் என்னோடு மின்தூக்கியில் ஏற மாட்டார்கள். வீட்டுக்கு வந்து குளித்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே நீ கதவைத் தட்டித் தட்டி அழுவாய். அப்பாதான் உன்னைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவார். வேலையை விட்டுவிடு என்று பெரியம்மா அப்போது தினமும் போன் பண்ணினார். நான் விடவில்லை. வார்டில் ஆள் பற்றாத நேரம், என்னோடு நின்றவர்களை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் யோசி. 2024-ல் அறிவித்த ஏஞ்சல் திட்டத்தில், பொதுச் சுகாதாரத் துறையில் நிலைத்து இருக்கும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கிடைக்கும். இத்தனை வருஷம் வேலை செய்கிறேன் என்று நீ எழுதிக்கொடுத்த பாண்டு எப்போது முடிகிறது, எந்த ஆண்டு எவ்வளவு வரும் என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. நல்ல வேலைக்கு நல்ல சம்பளம் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

தமிழ் பேசும் தாத்தா பாட்டி உன் பக்கம் வந்தால் தமிழிலேயே பேசு. மறதி நோய் முற்றினால் பலருக்குப் பின்னால் கற்ற ஆங்கிலமும் மலாயும் முதலில் போய்விடும். யார் பேசினாலும் முறைத்துக்கொண்டு, மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் "தாத்தா, பல் செட்டை எங்கே வச்சீங்க?" என்று கேட்டேன். தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். அதன்பிறகு கஞ்சியும் குடித்தார். அதேபோல் மற்றவர்களுக்காக நீயும் நாலு வார்த்தை வைத்துக்கொள். மலாயில் "சாக்கிட்?", ஹொக்கியனில் "தியா?" என்று வலிக்கிற இடத்தைத் தொட்டுக் கேட்டால் போதும், முகம் பதில் சொல்லிவிடும்.

நைட் டூட்டிக்கு முன்னால் சோறு சாப்பிட்டுவிட்டுப் போ, பிஸ்கட்டை நம்பாதே. காலையில் அறைக்கு வந்ததும் திரையை இழுத்து மூடி, போனை வேறு மேசையில் வைத்துவிட்டுத் தூங்கு. தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் நிற்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிகிறது.

அடுத்த மாத ரோஸ்டர் வந்ததும் படம் பிடித்து அனுப்பு. தீபாவளிக்கு முந்தின ராத்திரி நைட் விழுந்தால் மாற்றிக் கேட்டு அலைய வேண்டாம். காலையில் நேரே இங்கே வா, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு மத்தியானம்வரை தூங்கு, வீட்டுக்கு வருகிறவர்களை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். உன் வேலை ஷூவின் குதி தேய்ந்துவிட்டது என்றாயே, அப்பா அளவு கேட்கிறார். வீக்கம் இருக்கும் சாயங்கால நேரத்தில் பாதத்தை அளந்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா