கண்காட்சி மேசையில் 230 வோல்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

களுவாஞ்சிகுடியில் முப்பது வருடமாக ரேடியோ, டிவி, தண்ணீர் மோட்டர் திருத்தி வருகிறேன். போன மாதம் களுதாவளைப் பொடியன் ஒருவன் கடைக்கு வந்தான். மிளகாய்ப் பாத்தி காய்ந்தால் மோட்டர் தானாக ஓட வேண்டும், ஈரமானால் நிற்க வேண்டும். பாடசாலைக் கண்காட்சிக்காகச் செய்திருக்கிறான். அருமையான யோசனை. "மூணு நாள் டக் டக்கெண்டு வேலை செஞ்சது மாமா, பிறகு சத்தமே இல்ல" என்றான்.

ரிலே என்றால் சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் மின்காந்த சுவிட்ச். அதன் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டின் காலில் நேராகக் கொடுத்திருந்தான். அந்த 5 வோல்ட் காயில் ஏறக்குறைய 70 மில்லி அம்பியர் இழுக்கும். காலின் உச்ச எல்லையே 40தான். நடுவில், காலின் சின்னக் கரண்டை வாங்கிக் காயிலின் கரண்டை இயக்க ஒரு துரான்சிஸ்டர் இருந்திருக்க வேண்டும். காயிலுக்குக் குறுக்கே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் 4007 டயோட் ஒன்றும் வேண்டும், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். டயோட் இல்லாவிட்டால், காயில் நிற்கும் கணத்தில் அது திருப்பி உதறும் வோல்ட்டேஜ்தான் துரான்சிஸ்டரைக் கொல்லும். டயோட் மலிவான சாமான்தான். பிள்ளை அதைப் பாடப் புத்தகத்தில் இருவாயி என்று படித்திருக்கிறான், ஆனால் அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

பழைய ரிலே ஒன்றின் நீல மூடியைக் கத்தியால் கிளப்பிக் காட்டினேன். தலைமயிர் போன்ற செப்புக் கம்பி சுற்றிய காயில், மேலே ஒரு தகடு, அதை இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங். 5 வோல்ட் கொடுத்ததும் தகடு கீழே விழுந்து அடுத்த புள்ளியைத் தொட்டது. அவனே பத்துத் தடவை கொடுத்து எடுத்துப் பார்த்தான். காயிலுக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மோட்டரை என்ஓ புள்ளியில் (காயிலில் கரண்ட் வந்தால் மட்டும் தொடுவது) கொடுக்காமல் என்சி புள்ளியில் (கரண்ட் இல்லாதபோது தொட்டிருப்பது) கொடுத்திருந்ததையும் அவனே கண்டுபிடித்தான். அப்படி விட்டால் போர்ட் செத்த நேரமெல்லாம் மோட்டர் ஓடும்.

என் பயம் வேறு. அந்த ரிலே போர்டின் அடிப்பக்கத்தில் 230 வோல்ட் ஓடும் ஈயப் புள்ளிகள் திறந்தே கிடந்தன. பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம், சுற்றி நின்று தொட்டுப் பார்க்கும் சின்னப் பிள்ளைகள். அப்புறம், மூடியில் 10 அம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டரைப் பூட்டுகிறார்கள். மோட்டர் புறப்படும்போது ஓடும் கரண்டைவிட நாலைந்து மடங்கு இழுக்கும். புள்ளிகள் தீப்பொறியில் ஒட்டிக்கொண்டால் போர்ட் நிறுத்தச் சொன்னாலும் மோட்டர் நிற்காது. அப்படி ஒட்டிய ரிலேக்கள் என் மேசை லாச்சியில் ஒரு கைபிடி கிடக்கின்றன. மோட்டருக்குக் கொன்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) போட வேண்டும், ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கட்டும்.

கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மோட்டருக்குப் பதில் 12 வோல்ட் மோட்டர் சைக்கிள் பற்றரியும் இன்டிகேட்டர் பல்பும் வைக்கச் சொல்லுங்கள். ரிலேக்கு இரண்டும் ஒன்றுதான், அதே டக் சத்தம். வீட்டுக் கரண்ட் இல்லை என்று பிள்ளைகளுக்குப் புள்ளி குறைக்காதீர்கள். பத்திரிகை ஆசிரியரே, உங்கள் மாணவர் பக்கத்தில் ரிலேயின் உட்புறத்தைப் படத்தோடு ஒருமுறை போட்டால் எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவும். படம் எடுக்கத் திறந்த ரிலே வேண்டுமென்றால் தருகிறேன்.

இப்படிக்கு,
மின்சாதனம் திருத்துநர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.