ஷரத்தும் பதிவேடும்: தொழிலுறவு ஆய்வு வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தொழிற்சங்க, மனிதவள, ஆய்வுத் துறை நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு எடுத்த முடிவின்படி, இவ்வாண்டு நமது வட்டம் ஒரே வேலையில் கவனம் வைத்தது. கூட்டுப் பேரம் (தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தோடு ஊதியமும் வேலை நிலைமையும் பேசி முடிவு செய்வது) பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளை, கையெழுத்தான ஒப்பந்தங்களோடும் குறைதீர்ப்புப் பதிவேடுகளோடும் பக்கத்தில் வைத்துப் படித்தோம். ஊதிய உயர்வு எத்தனை சதவீதம் என்பதோடு நின்றுவிடும் ஆய்வு, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்த ஆய்வு. அந்தச் சதவீதம் தொழிலாளியின் கைக்கு எப்படி வந்தது, எங்கே சிக்கியது என்பதை ஷரத்தின் சொற்களும் பதிவேடும்தான் காட்டுகின்றன. உறுப்பினர் சேர்க்கை, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனி அறிக்கையாக வைக்கிறார்.

வாசிப்புக் கூட்டங்கள்

'கூட்டுப் பேரம்' என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் பியாட்ரிஸ் வெப், ஆண்டு 1891. 1897-இல் அவரும் கணவர் சிட்னி வெப்பும் தொழிற்சங்கம் கையாளும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: பரஸ்பரக் காப்பீடு, கூட்டுப் பேரம், சட்டமியற்றல். அங்கிருந்து தொடங்கி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆவது (1948), 98-ஆவது (1949), 154-ஆவது (1981) உடன்படிக்கைகள் வரை வந்தோம். 154-இன் வரையறையை உறுப்பினர்கள் அனைவரும் ஒருமுறையாவது மூலத்தில் படிக்க வேண்டும். பேரத்தின் நோக்கங்களாக அது மூன்றைச் சொல்கிறது: வேலை நிலைமைகளைத் தீர்மானிப்பது, முதலாளி தொழிலாளி உறவை ஒழுங்குபடுத்துவது, இரு தரப்பு அமைப்புகளுக்கு இடையிலான உறவை ஒழுங்குபடுத்துவது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் முதலாவதை எண்ணிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். குறைதீர்ப்பு முறை, சங்கப் பிரதிநிதிக்கான நேரம், தகவல் தரும் கடமை ஆகியவையெல்லாம் அந்த இரண்டில்தான் அடங்கும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் வால்டனும் மெக்கெர்சியும் 1965-இல் பேரத்தை நான்கு செயல்களாகப் பிரித்தது நமக்கு மிகவும் பயன்பட்டது. இருப்பதைப் பங்கு போடுவது, இருவருக்கும் ஆதாயமானதைச் சேர்ந்து தேடுவது, எதிர்த் தரப்பின் மனப்பான்மையை மாற்றுவது, தன் தரப்புக்குள்ளேயே ஒத்த கருத்துக்கு வருவது என்பவை அந்த நான்கு. நான்காவதற்கு ஆய்வுகளில் இடம் குறைவு. நடைமுறையில் ஒப்பந்தம் கவிழ்வது பல நேரம் அங்கேதான். பேச்சுவார்த்தைக் குழு ஒப்புக்கொண்ட வரைவை உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் நிராகரிக்கிறார்கள்; நிர்வாகத் தரப்பில் நிதிப் பிரிவு கடைசி வாரத்தில் கையை விரிக்கிறது. கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போதே, எது விட்டுக்கொடுக்கக் கூடாதது, எது விட்டுக்கொடுக்கலாம் என்று குழுவுக்கு எழுத்தில் அதிகாரம் தரப்பட்டிருந்ததா? ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் ஆராயும்போது இதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்மானித்தோம்.

பொருளியலாளர் ஜான் ஹிக்ஸ் 1932-இல் எழுப்பிய கேள்வியும் இதோடு சேர்ந்தது. இரு தரப்பும் முடிவை முன்கூட்டியே சரியாக அறிந்திருந்தால், வேலைநிறுத்தத்தின் இழப்பு இல்லாமலே அதே முடிவுக்கு வந்திருக்கலாமே? அப்படியானால் வேலைநிறுத்தங்களில் ஒரு பங்காவது தகவல் குறைவால் வருகிறது. கணக்குகளைப் பேச்சுவார்த்தைக்கு முன்பே பகிர்வது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டியதில்லை.

கணக்குப் பயிற்சி

அதிக உறுப்பினர்கள் வந்தது இந்தப் பயிற்சிக்குத்தான். தாளில் கொடுத்த முதல் கணக்கு: அடிப்படை ஊதியம் 100. மூன்று ஆண்டு ஒப்பந்தம். முதல் திட்டத்தில் உயர்வு 4, 3, 3 சதவீதம்; இரண்டாவதில் 3, 3, 4. மூன்றாம் ஆண்டு முடிவில் இரண்டுமே 110.33 என்ற அதே ஊதியத்தில்தான் நிற்கும். ஆனால் மூன்று ஆண்டுகளில் கைக்கு வரும் தொகை முதல் திட்டத்தில் 104 + 107.12 + 110.33 = 321.45, இரண்டாவதில் 103 + 106.09 + 110.33 = 319.42. வித்தியாசம் ஓராண்டு அடிப்படை ஊதியத்தில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். 'மூன்று ஆண்டுக்கு 10 சதவீதம்' என்று மட்டும் குறித்துக்கொள்ளும் ஆய்வில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இதே 10-ஐ ஊதியத்தில் சேர்க்காமல் முதல் ஆண்டில் மொத்தத் தொகையாகக் கொடுத்தால் கிடைப்பது 310 மட்டுமே. அதோடு அடுத்த ஒப்பந்தப் பேச்சு மறுபடி 100-லிருந்து தொடங்கும்.

இரண்டாவது கணக்கு: அடிப்படை 100, அடிப்படை உயர்ந்தால் அதே விகிதத்தில் உயரும் செலவுகள் (ஓவர்டைம், விடுப்பு ஊதியம், சேமநல நிதி போன்றவை) 25, அடிப்படை உயர்ந்தாலும் மாறாத செலவுகள் (சீருடை, கேன்டீன், போக்குவரத்து) 15. மொத்தம் 140. அடிப்படையை 4 சதவீதம் உயர்த்தினால் 104 + 26 + 15 = 145. சங்கம் சொல்வது 4 சதவீதம். 'நூறு ரூபாய் ஊதியத்துக்கு ஐந்து ரூபாய் செலவு கூடுகிறது' என்கிறது நிர்வாகம். மொத்தத் தொழிலாளர் செலவைப் பார்க்கும் கணக்காளர் 3.57 சதவீதம் என்கிறார். மூவர் சொல்வதும் சரியே, அடித்தளம்தான் வேறு. மேஜையில் எழும் கோபத்தில் ஒரு பங்கு, எதன் மீதான சதவீதம் என்பதை முதலிலேயே எழுதி வைக்காததால் வருவது. இனி நமது பதிவுத் தாளில் சதவீதத்துக்குப் பக்கத்தில் 'எதன் மீது' என்ற கட்டம் கட்டாயம் இருக்கும்.

ஒரு ஷரத்து

ஷரத்து வாசிப்புக்கு ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ஒரு முழுக் கூட்டத்தையும் செலவிட்டோம்: 'ஓவர்டைம் வேலை சீனியாரிட்டி அடிப்படையில் சமமாகப் பகிரப்படும்.' படித்தால் நல்ல வாக்கியமாகத்தான் தெரிகிறது. ஆனால் சீனியாரிட்டி என்றால் மூத்தவருக்கு முதலில். சமமாக என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் யார் எப்படிச் செய்தாலும் அடுத்தவருக்குப் புகார் எழுத இடம் இருக்கும். சமம் என்பது செய்த மணியிலா, கொடுத்த வாய்ப்பிலா? ஒருவர் மறுத்தால் அது அவர் கணக்கில் ஏறுமா? சமம் பார்ப்பது வாரக் கணக்கிலா, ஆண்டுக் கணக்கிலா? தவறு நடந்தால் பரிகாரம் என்ன?

கூட்டம் முடியும்போது வரைவு இப்படி மாறியிருந்தது: 'ஒவ்வொரு பிரிவிலும், மூன்று மாதக் கணக்கில் குறைவான ஓவர்டைம் மணி உள்ளவருக்கு முதலில் வாய்ப்பு தரப்படும். மணி சமமாக இருந்தால் சீனியருக்கு முன்னுரிமை. மறுத்த மணியும் அவரவர் கணக்கில் சேரும். நீண்ட விடுப்பிலிருந்து திரும்புபவர் கணக்கில் பிரிவின் சராசரி மணி ஏற்றப்படும். வாய்ப்பு தவறவிடப்பட்டால் 30 நாட்களுக்குள் அதே அளவு வேலை தரப்படும்; இல்லையெனில் அந்த மணிக்குரிய ஓவர்டைம் ஊதியம் வழங்கப்படும்.' விடுப்பு பற்றிய வாக்கியம் கடைசியில்தான் சேர்ந்தது. அது இல்லாவிட்டால் விடுப்பிலிருந்து வந்தவர் பூஜ்யத்தில் நிற்பார். பல வாரங்களுக்கு எல்லா ஓவர்டைமும் அவருக்கே போகும்.

குறைதீர்ப்புப் பதிவேட்டுக்கு நாம் வகுத்த கட்டங்கள்: சம்பவ நாள், புகார் தந்த நாள், எந்த ஷரத்து மீறப்பட்டது, கேட்கும் பரிகாரம், எந்தப் படியில் தீர்ந்தது, எத்தனை நாளில். மேற்பார்வையாளர், துறைத் தலைவர், கூட்டுக் குழு, நடுவர் என்று படிகள் நான்கு என்றால், ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு வேண்டும். 'நியாயமான காலத்துக்குள்' என்று எழுதிய ஷரத்தில் காலம் கடந்துவிட்டதா என்பதே தனித் தகராறாக வளரும். நடைமுறையில் காலியாகவே விடப்படும் கட்டம் 'பரிகாரம்'. என்ன வேண்டும் என்று எழுதாத புகாரில், நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகும் தீர்வு சொல்ல முடியாது.

புகார் எண்ணிக்கை குறைந்தால் உறவு சுமுகமாகிவிட்டது என்று எழுதுவதை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும். புகார் கொடுக்கப் பயப்படும் இடத்திலும் எண்ணிக்கை குறையும். நூறு பேருக்கு எத்தனை, முதல் படியிலேயே எத்தனை தீர்ந்தன, திரும்பப் பெற்றவை எத்தனை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

ஆய்வு முறை

ஒப்பந்தங்களைக் குறியீடு செய்யும்போது (ஒரு ஷரத்து குறிப்பிட்ட வகையில் சேருமா என்று ஆம், இல்லை எனக் குறிக்கும்போது) இருவர் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்ற விதியை உறுதிப்படுத்தினோம். ஆனால் ஒற்றுமைச் சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. 100 ஷரத்துகளில் இருவரும் ஆளுக்கு 90-ஐ 'ஆம்' என்று குறிக்கிறார்கள். இருவரும் ஆம் என்றவை 82, இருவரும் இல்லை என்றவை 2, மாறுபட்டவை 16. ஒற்றுமை 84 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிட்டுப் பார்க்கும், ஜேக்கப் கோஹென் 1960-இல் தந்த கப்பா அளவின்படி (முழு ஒற்றுமை என்றால் 1) இது வெறும் 0.11. குறியீட்டு விளக்கத்தைத் திருத்தி மறுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மனிதவள மேலாண்மை ஆய்வுகளில் ஹியூஸ்லிட் 1995-இல் எழுதிய கட்டுரை, நல்ல மனிதவள நடைமுறைகளும் நிறுவனத்தின் நிதிநிலையும் சேர்ந்து போவதைக் காட்டியது. அதில் நடைமுறைகள் பற்றிய தகவல், நிறுவனத்துக்கு ஒருவர் நிரப்பிய வினாத்தாளிலிருந்து வந்தது. 2000-இல் கெர்ஹார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்த வகை அளவீட்டில் பிழை அதிகம் என்று காட்டினார்கள். 2005-இல் ரைட்டும் மற்றவர்களும் முந்தைய ஆண்டுச் செயல்திறனையும் கணக்கில் எடுத்தபோது, எது காரணம், எது விளைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை வந்தது. லாபம் வரும் நிறுவனம்தான் நல்ல நடைமுறைகளுக்குச் செலவு செய்கிறதோ என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

அமெரிக்காவின் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் நடந்த, ஹாத்தார்ன் ஆய்வு எனப்படும் சோதனைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1927-இல் தொடங்கிய ரிலே (தொலைபேசிக் கருவியின் மின் உறுப்பு) பொருத்தும் அறைச் சோதனையில் ஐந்து பெண்கள் வேலை செய்தார்கள். அக்கறை காட்டியதால் உற்பத்தி கூடியது என்று வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. 1928 தொடக்கத்தில் அந்த ஐவரில் இருவர் மாற்றப்பட்டார்கள் என்பதும், ஊதியம் அந்தச் சிறு குழுவின் உற்பத்தியோடு இணைக்கப்பட்டது என்பதும் அந்தக் கதையில் விடுபடுகின்றன. இனி நமது பயிற்சித் தாளில் இரண்டும் இருக்கும்.

வரும் ஆண்டு

செயற்குழு மூன்று பணிகளை முன்வைக்கிறது. பதிவுத் தாளை இரு தரப்பு உறுப்பினர்களிடமும் கொடுத்துச் சோதிப்பது. ஷரத்து வாசிப்பில் அடுத்ததாக ஷிப்டு மாற்ற ஷரத்தையும் ஒப்பந்தத் தொழிலாளர் ஷரத்தையும் எடுப்பது. நிறுவனங்களின் பெயரும் ஆட்களின் பெயரும் நீக்கப்பட்ட ஒப்பந்தத் தொகுப்பு ஒன்றைத் தொடங்குவது. மூன்றாவதற்கு ஒப்பந்தம் தருபவரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். அனுமதிப் படிவத்தின் வரைவு இந்த அறிக்கையோடு உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. திருத்தங்கள் இருந்தால் இன்றே தலைவரிடம் எழுத்தில் தரலாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்