சூடேறும் கண்டன்சர், ஜோடி சேராத வால்வு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்களிடம் வாங்கிய 6வி6 வால்வு ஜோடி, ஃபில்டர் கண்டன்சர் செட் இரண்டும் பழுது

ஐயா,

வணக்கம். ஏழு முறை போன் செய்துவிட்டேன், நான்கு மெயில் அனுப்பிவிட்டேன், ஒரு முறை நேரிலும் அலைந்துவிட்டேன். இனி பேசிப் பயனில்லை என்பதால் எழுதுகிறேன். வால்வு (வெற்றிடக் குழாய்) போட்ட கிட்டார் ஆம்ப்புக்கான உதிரிபாகம் விற்பதுதான் உங்கள் தொழில். ஆகவே அடிப்படையிலிருந்து விளக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

ஆம்ப் எங்கள் திருச்சபையுடையது. 1966ஆம் வருட ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், 120 வோல்ட், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுகிறது. வால்யூமைச் சுழியத்தில் வைத்தாலும் ஹம்மிங் நிற்கவில்லை. கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுருதிக்கு ஒரு மயிரிழை மேலே, அதாவது 100 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸாக இருந்தால் ஹீட்டர் ஒயரையோ எர்த்தையோ பார்க்கலாம். 100 என்றால், ஏசியை டிசியாக்கும்போது மிஞ்சும் அலையைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துவிட்டது. அதனால்தான் 16 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டன்சர் ஐந்தும், கூடவே ஒரே அளவு கரண்ட் இழுக்கும்படி மேட்ச் செய்த 6வி6 அவுட்புட் வால்வு ஜோடி ஒன்றும் உங்களிடம் வாங்கினேன். மொத்தம் 7,850 ரூபாய். பில் நகல் இணைத்துள்ளேன்.

வால்வை முதலில் சொல்கிறேன். இரண்டு பெட்டியிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, நீல மையில் ஒன்றில் 31, மற்றதில் 32 என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருக்கிறது. ஆம்ப்பின் சர்க்யூட் வரைபடத்தில் உள்ளபடி மைனஸ் 35 வோல்ட் பயாஸ் (வால்வின் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் வோல்ட்டேஜ்) வைத்து, இரண்டு சாக்கெட்டிலும் 8ஆம் பின்னுக்கும் சேசிஸுக்கும் (உலோகச் சட்டம்) நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்தேன். ஒரு மில்லிவோல்ட் ஒரு மில்லி ஆம்பியர், கணக்கு அவ்வளவுதான். ஒன்று 22 இழுக்கிறது, மற்றது 41! ஸ்கிரீன் கரண்ட் 3 என்று கழித்தாலும் மிச்சம் 38. பிளேட்டில் 410 வோல்ட். பெருக்கினால் 15 வாட்டைத் தாண்டுகிறது. இது 12 வாட் வால்வு. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் பிளேட்டின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் செக்கச்செவேலென்று கனல்கிறது.

சாக்கெட்டில் கோளாறாக இருக்கும் என்று உங்கள் ஊழியர் சொன்னார். வால்வுகளை இடம் மாற்றிப் போட்டும் பார்த்துவிட்டேன். கோளாறு சாக்கெட்டிலோ கப்ளிங் கண்டன்சரிலோ இருந்தால் 41 அதே சாக்கெட்டில் நின்றிருக்கும். அது வால்வோடு கூடவே போயிற்று. இந்த ஆம்ப்பில் பயாஸ் திருகு இரண்டு வால்வுக்கும் பொதுவாக ஒன்றுதான். சூடானதைக் குறைத்தால் மற்றது செத்துப்போகிறது, மெதுவாக வாசித்தால் சுரம் உடைகிறது. இரண்டும் ஒரே அளவு இழுத்தால்தான் பவர் சப்ளை ஹம்மிங் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே, ஹம்மிங்கைப் போக்க வாங்கிய சாமானே ஹம்மிங்கைக் கூட்டிவிட்டது.

இதை உங்கள் உதவி எண்ணில் சொன்னபோது கிடைத்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "வீட்ல வச்சு நோண்டுனா அப்படித்தான் சார் ஆகும். பெட்டியத் திறந்துட்டீங்க, வாரண்டி கிடையாது." ஐயா, எந்தப் பெட்டியை? நீங்கள் விற்றது கண்டன்சரும் வால்வும். சேசிஸைக் கழற்றாமல் கண்டன்சரை எங்கே ஒட்டுவது, வெளியிலா? நோண்டவில்லை. முறையாகச் செய்தேன். பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் சார்ஜை இறக்கி, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வைத்தேன். 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டுத்தான் முதல் முறை கரண்டே கொடுத்தேன். நோண்டுவது என்றால் என்னவென்று அந்த ஊழியருக்குத் தெரியுமா?

அதே ஊழியர்தான் ஆம்ப்போடு அம்பத்தூர் வரச் சொன்னார். தாம்பரத்திலிருந்து 19 கிலோ ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால், கவுண்ட்டரில் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இங்க சர்வீஸ் இல்ல, விற்பனை மட்டும்தான்" என்கிறார். போக வர 1,240 ரூபாய். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டாம், உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை?

கோபத்தில் கண்டன்சரை விட்டுவிட்டேன். உண்மையில் அதுதான் பெரிய விஷயம். பழைய வால்வுகளைப் போட்டு ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் நிறுத்தி, சார்ஜை இறக்கித் தொட்டுப் பார்த்தால் முதல் இரண்டு கண்டன்சரும் சூடு, ஒன்றின் முனை உப்பியிருக்கிறது. ஓரத்தில் நீல உறை சுருங்கிய இடத்தில் உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தது. பிளேடால் உரித்தேன். மேலே 450 வோல்ட். உள்ளே இன்னொரு உறை, அதில் 350 வோல்ட்.

வரைபடத்தில் அந்த இடத்துக்கு 415 வோல்ட் போட்டிருக்கிறது. 350 வோல்ட் கண்டன்சர் அங்கே கசியும், சூடாகும், வெடிக்கும். ஷார்ட் ஆனால் ஏசியை டிசியாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு போகும், அடுத்து பவர் டிரான்ஸ்ஃபார்மர். அது எரிந்தால் அதே டிரான்ஸ்ஃபார்மருக்கு நான் எங்கே போவேன், ரிச்சி தெருவுக்கா? உங்களை நம்பியதால் மூன்று ஞாயிறு ஆராதனை கிட்டார் இல்லாமல் பாழாயிற்று. எனக்கு ஆன நஷ்டம் லட்சத்தில் அடங்காது.

உறை மாற்றியது நீங்கள்தான் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சரக்குக் கொடுத்தவர் ஏமாற்றியிருக்கலாம். அப்படியானால் இதே செட் வாங்கிய மற்றவர்களுக்கும் இன்றே தகவல் சொல்லுங்கள். தயவுசெய்து. 415 வோல்ட் விளையாட்டல்ல.

15 நாளுக்குள் 7,850 ரூபாயும் ஆட்டோ செலவு 1,240 ரூபாயும் என் கணக்குக்கு வர வேண்டும். மாற்றுச் சாமான் வேண்டாம். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவாகும். அடுத்து 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு. 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது. அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை. நல்ல முறையில் முடித்துக்கொடுங்கள்.

இப்படிக்கு,
தாம்பரம் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி பில்லில் உள்ளன)

பி.கு.: உரித்த உறையையும் உப்பிய கண்டன்சரையும் கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள். அவை என்னிடமே இருக்கும். படம் வேண்டுமானால் அனுப்புகிறேன்.