அக்காவுக்கு: கூஜிக் குளத்துப் படம்

அக்கா,

நேற்று ஆடி அமாவாசை. விரதம் இருந்தீர்களா என்று கேட்கமாட்டேன், இருந்திருப்பீர்கள். நான் விடியவே சிட்னியின் கூஜிக் கடலோரத்துப் பெண்கள் குளத்துக்குப் போனேன். இந்த மாதத்தில் அங்கே தண்ணீர் நன்றாகக் குளிரும். இறங்கி, அப்பாவின் பெயரைச் சொல்லி மூன்று முறை முழுகினேன். நமக்கு அண்ணன் தம்பி இல்லை, வேறு யார் முழுகுவது? மேலே ஏறி வந்து நடுங்கிக்கொண்டு நின்றபோதுதான் இதை எழுதுவதென்று முடிவெடுத்தேன். உங்கள் தொலைபேசி என் அழைப்பை எடுப்பதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை யாராவது உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நம் ஆட்களைப் பற்றித் தெரியும்தானே. அவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சில இடங்களை வெட்டித்தான் எழுதுகிறேன்.

குளம் அப்படியே இருக்கிறது. வற்றுநேரத்தில் போனேன், கடல்பக்கச் சுவர் முழுக்க வெளியே தெரிந்தது. பாறையில் பாசி. பெருக்கு வரும்போது அலை அந்தச் சுவரைத் தாண்டி விழுந்து தண்ணீரை மாற்றிவிட்டுப் போகும். 1886இல் கட்டினார்கள் என்கிறார்கள். அதற்கும் முன்பே, 1876க்கு முன்னரே, பெண்கள் அந்தப் பாறைகளுக்கிடையே குளித்திருக்கிறார்கள். 1918இல் ராபர்ட் மக்கைவரும் அவர் மனைவி ரோஸும் பொறுப்பெடுத்தார்கள், அந்தக் குடும்பத்தின் பெயர்தான் இன்றும். 1920களின் தொடக்கத்திலிருந்து அந்த ஊர்ப் பெண்களின் நீச்சல் சங்கம் நடத்துகிறது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும், பெருங்கடல் கொங்கிறீற்றைக் கடிக்கும், அவர்கள் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அதையெல்லாம் அந்த இருபது சத நுழைவுக்கட்டணத்தில் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். நாங்கள் 2012இல் முதன்முதல் போனபோது வாளிக்குள் சில்லறையைப் போட்டுவிட்டு, "கீரிமலையில இதுவும் இல்லை" என்று நீங்கள் சொன்னீர்கள்.

யாழ்ப்பாணத்துக் கீரிமலையை, அந்தக் கடலோரக் கேணிகளை, நான் உங்கள் வாயால்தான் அறிந்திருக்கிறேன். 1990 ஆனியில் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது, உங்களுக்குப் பதின்மூன்று. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் பெண்கள் கேணியின் சுவர். அந்தப் பக்கம் ஆண்கள் கேணியில் அப்பா குதிக்கிற சத்தம். அதற்கும் அப்பால் கடல். "அப்பா குதிச்ச தண்ணிதான் இங்கால வருது" என்று என் தலையை அமுக்கினீர்கள். நான் நம்பினேன். ஊற்று நன்னீர் என்பதும், இரண்டு கேணிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

சரி, படத்துக்கு வருகிறேன்.

2014 தை மாதம். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் வந்தும் நீங்கள் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டவில்லை. சுவர் விளிம்பைப் பிடித்தபடி காலை மட்டும் அடிப்பீர்கள். அங்கே முழுக்க மூடிய உடையில் நீந்துகிற பெண்களும் வருவார்கள், இன்னும் எப்படியெல்லாமோ கிடந்து வெயில் காய்கிற கிழவிகளும் வருவார்கள் (இதற்கு மேல் எழுதவில்லை, சித்தி வாசிக்கிறார்). ஒருவரும் ஒருவரைப் பார்ப்பதில்லை. அன்றைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா உங்கள் முதுகுக்குக் கீழே ஒரு கையை வைத்து ஏதோ சொன்னார். நான் படிக்கட்டில் நின்றேன். அவர் கையை எடுத்துவிட்டார், நீங்கள் அப்படியே மிதந்தீர்கள். காது தண்ணீருக்குள், முடி விரிந்து கிடக்க, வாய் திறந்திருந்தது. கத்துகிறீர்கள் என்று நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அங்கே படம் எடுக்கக் கூடாது. தெரிந்துதான் எடுத்தேன். பைக்குள்ளிருந்து தொலைபேசியை எடுத்து ஒரேயொரு படம். ரயிலில் திரும்பும்போது குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். "அக்கா மிதக்கிறா!" என்று எழுதினேன். பெருமையில்தான் போட்டேன், அக்கா. முப்பத்தொரு பேர் இருந்த குழு அது. ஒருவர்கூட மிதப்பதைப் பார்க்கவில்லை, உடுப்பைத்தான் பார்த்தார்கள். அப்புறம் வந்த செய்திகளை இங்கே திருப்பி எழுதமாட்டேன். அத்தானைப் பற்றியும் ஒன்றும் எழுதமாட்டேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கேட்ட விதம் சரியில்லை. "இதிலே என்ன இருக்கு, எல்லாரும் போடுறதுதானே" என்று தொடங்கி ஒரு மன்னிப்பு வருமா? நாற்பதை நெருங்கிய பெண் யாருக்குப் பயப்பட வேண்டும் என்றும் கேட்டேன். அது இன்றும் நியாயமான கேள்விதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதை நான் என்னிடம் கேட்டிருக்கலாம், உங்கள் படத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் கேட்டது தப்பு. அடுத்த சனிக்கிழமை நீங்கள் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை.

நீங்கள் வருவதை நிறுத்திய பிறகு ஒரு கதை வாசித்தேன். பக்கத்திலே மரத்தட்டு மேடை தெரியுமே, வைலிஸ் பாத்ஸ், 1907இல் ஹென்றி வைலி கட்டியது. அவர் மகள் மினா 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். தங்கம் வென்றது அவருடைய தோழி ஃபேனி டுராக். ஒலிம்பிக்கில் பெண்கள் நீந்தியதே அந்த ஆண்டுதான் முதல் தடவை. அவர்களைப் போகவிடக் கூடாது என்று நின்றவர் யார் தெரியுமா? ரோஸ் ஸ்காட், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்மணி. ஆண்கள் பார்க்க, பெண்கள் போட்டியில் நீந்தக் கூடாது என்பது அவருடைய சங்கத்தின் விதி. விதியைத் தளர்த்தியபோது தலைமைப் பதவியை விட்டே விலகிவிட்டார். நான் முதலில் வாசித்தபோது சிரித்தேன், முழுக்க மினாவின் பக்கம். இப்போதும் அவர் பக்கம்தான். ஆனால் மினா பார்வையாளர் முன்னால் தானாகப் போய் நின்றவர். உங்களை நான் நிறுத்தினேன்.

நம் பெண்கள் குளத்தையும் எல்லோருக்கும் திறந்துவிடப் பார்த்தார்கள். ஆண்களை விடாதது பாகுபாடு என்று ஒருவர் முறையிட, 1995இல் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். 2011இல் மாநில மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். சங்கத்துப் பெண்கள் நூறு வருடமாகப் பூசிப் பூசிக் காத்தது அந்தச் சுவரை மட்டுமல்ல, சுவருக்குள்ளே யாரும் யாரையும் பார்க்காமல் விடுகிற அந்த வழக்கத்தையும்தான். நான் ஒரு விரலால் அதற்குள் முப்பத்தொரு பேரைக் கூட்டிவந்துவிட்டேன்.

இதை எழுதும்போதே கோபமும் வருகிறது. குற்றம் என்னுடையது மட்டும்தானா? அப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்த நினைவு மலரில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெயர் இல்லாமல் போனதே, அதைப் பிழைதிருத்தியது நீங்கள். யாரோடு கதைத்து அந்த முடிவை எடுத்தீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று யோசித்திருப்பீர்கள். என் படத்தால் ஊர் உங்களைப் பார்த்தது, உங்கள் மலரால் ஊர் என்னைப் பார்க்காமல் விட்டது. எது பெரியது என்று கணக்குப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நேற்று தண்ணீருக்குள் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தை அழித்துவிட்டேன் என்று அன்று உங்களிடம் சொன்னேன். குழுவிலிருந்துதான் எடுத்தேன். என்னிடம் இருக்கிறது, தொலைபேசி மாற்றிய ஒவ்வொரு முறையும் கூடவே வந்திருக்கிறது. ஒருவருக்கும் காட்டியதில்லை, இங்கேயும் போடவில்லை. நீங்களே அதைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மற்றவர்களின் செய்திகளுக்கு நடுவில் ஒரு நிமிடம் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

ரயிலில் வைத்துத் தருகிறேன். பாருங்கள். பிறகு அழிப்பதோ வைப்பதோ உங்கள் விருப்பம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இந்தச் சனிக்கிழமை, ஏழு இருபது ரயில், பின்னாலிருந்து இரண்டாவது பெட்டி. நுழைவுக்கட்டணம் இப்போது கூடிவிட்டது, இருவருக்கும் நான் போடுகிறேன். துவாய் கொண்டுவர வேண்டாம். உங்களுடைய மஞ்சள் துவாய் அன்றிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது, தோய்த்து வைத்திருக்கிறேன்.