மெய்நிகர் பயிற்சியில் ஒரு தோட்டத்துப் பாட்டிக்கும் இடம் வேண்டும்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மருத்துவர், தாதியர் பயிற்சிக்குப் பொறுப்பேற்றுள்ள பெருமக்களுக்கு,

வணக்கம். நோயாளியின் நிலையில் நின்று உணர்வதற்கு, கணினிக் காட்சியை நேரில் காண்பதுபோல் காட்டும் மெய்நிகர் கண்ணாடியைப் பயன்படுத்தும் பயிற்சிகள் வெளிநாடுகளில் நடந்துவருகின்றன. அமெரிக்காவில் உருவான ஒன்றில், கண்ணாடியை அணிந்தவர் ஆல்ஃபிரட் என்னும் 74 வயது முதியவராகிவிடுகிறார். விழித்திரைச் சிதைவால் பார்வையின் நடுவே கரும்படலம் நிற்க, பேசுவோரின் குரல் தேய்ந்து கேட்க, அம்முதியவர் திணறுவதை உள்ளிருந்தே அனுபவிக்கிறார். இப்பயிற்சி இங்கும் வர வேண்டும். ஆனால் ஆல்ஃபிரட்டை அப்படியே இறக்குமதி செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் தாயார் இப்போது பட்டர்வொர்த்தில் என்னோடு இருக்கிறார். காலில் "குத்துது, பிறகு கடுக்குது, ராத்திரியில எரியுது" என்று வீட்டில் பிரித்துச் சொன்னவர், மருத்துவமனையில் "சாக்கிட்" (மலாயில் 'வலி') என்ற ஒரே சொல்லோடு நின்றுவிட்டார். மலாயில் இவற்றுக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வலிக்கு ஒன்று முதல் பத்துவரை ஓர் எண் சொல்லச் சொன்னபோது ஐந்து என்றாராம். ஏன் என்று கேட்டேன். நடுவில் சொன்னால் யாருக்கும் சங்கடம் இருக்காதே என்றார். கேட்ட தாதி கடுமையானவர் அல்லர். வேலை நெருக்கடியில் இருந்தார்.

எனவே காட்சிகளை நம் வார்டுகளிலேயே படமாக்குங்கள். பயிற்சி பெறும் மலாய்த் தாதி அக்கட்டிலில் கிடந்து, தமக்கு விளங்காத மொழியில் மூவர் தம் தலைக்குமேல் பேசிக்கொள்வதையும், தம்மைப் பற்றிய கேள்வி மகனிடம் கேட்கப்படுவதையும் உணரட்டும். தமிழ்த் தாதிக்கு, ஹொக்கியன் என்னும் சீன மொழி மட்டுமே பேசும் ஒரு பாட்டியின் கட்டிலைக் கொடுங்கள்.

கண்ணாடியை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு பார்வையின்மையை ஒத்திகை பார்த்தவர்கள், பார்வையற்றோரால் வேலை செய்யவும் தனித்து வாழவும் முடியும் என்பதை முன்னிலும் குறைவாகவே நம்பியதாக 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மெய்நிகர் காட்சிகள் இரக்க உணர்ச்சியைக் கூட்டினாலும், பிறர் என்ன எண்ணுகிறார் என்பதைப் புரிந்துகொள்ளும் திறனை வளர்க்கவில்லை என்பது பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றின் முடிவு. எனவே கண்ணாடியைக் கழற்றியதும் அரை மணி நேரமாவது உண்மையான நோயாளி ஒருவரோடு பேச வையுங்கள். அவரது நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் கொடுங்கள்.

ஆள் தேவைப்பட்டால் என் தாயார் வரத் தயாராக இருக்கிறார். மொழிபெயர்க்க நான் உள்ளே வரமாட்டேன், வெளியே காத்திருப்பேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகன்