அழைப்புக் கடிதத்தில் இல்லாத மூன்று பெயர்கள்

பத்திரிகையாளர்களுக்கு ஓராண்டு ஃபெலோஷிப் வழங்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாத இரவில் என் மனைவிக்கு மின்னஞ்சலில் அழைப்புக் கடிதம் வந்தது. பதினாறு ஆண்டுகள் செய்தியாளராக ஓடியவரை, ஒரு கல்வியாண்டு முழுவதும் நின்று நிதானித்துப் படிக்கவும் யோசிக்கவும் ஒரு பல்கலைக்கழகம் அழைத்திருந்தது. மகிழ்ச்சி தாங்காமல், தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பிச் சொன்னார். பதினொரு வயதுக்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி: "அதில் என் பெயரும் இருக்கிறதா?"

இல்லை. என் பெயரும் இல்லை, ஐந்து வயது மகனின் பெயரும் இல்லை. ஆனாலும் ஆகஸ்டில் நான்கு பேர் விமானம் ஏறினோம். கடிதத்தில் விடுபட்ட அந்த மூன்று பெயர்களுக்காகத்தான் இந்த மடல்.

எங்களை அழைத்த பல்கலைக்கழகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் அன்பானவர்கள். பிற இடங்களுக்குப் போய்வந்த குடும்பங்களிடம் பேசியபோதும் இதே கதையைத்தான் கேட்டேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். செய்தியாளர் இருக்கும் வீட்டில் நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் குழந்தைகள்கூட மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வழக்குப் போடுவோம் என்ற மிரட்டல், வாசலில் வெகுநேரம் நிற்கும் அறிமுகமில்லாத வண்டி, நாளை இந்தக் கட்டுரை வெளிவந்தால் என்ன ஆகும் என்ற கவலை எல்லாம் எங்களுக்குப் பழகிப்போனவை. அந்த அக்டோபரில் ஒரு நாள் மகன் சொன்னான்: "அம்மா இப்போது சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போவதே இல்லை." அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஓர் அம்மாவைப் பார்த்ததில்லை. நீங்கள் தரும் ஓராண்டின் முழு மதிப்பு உங்களுக்கே தெரியுமா என்று அன்று நினைத்துக்கொண்டேன். அது முன்னேற்ற அறிக்கையில் வராது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஃபெலோவுக்கு, அதாவது ஃபெலோஷிப் பெற்று வருபவருக்கு, ஜே-1 என்ற அமெரிக்கப் பரிமாற்றத் திட்ட விசா. கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயது நிறையாத மணமாகாத பிள்ளைகளுக்கும் ஜே-2. ஒவ்வொருவருக்கும் விசாவுக்கான தகுதிச் சான்றாகத் தனித்தனி டிஎஸ்-2019 படிவம் உங்களிடமிருந்து வர வேண்டும். அது இல்லாமல் விசா நேர்காணலுக்குப் போக முடியாது. மனைவியின் படிவம் மே மாதத்திலேயே வந்துவிட்டது. எங்கள் மூவருடையது ஜூலையில் வந்தது. குடும்பத்தினர் விவரங்களை வேறோர் அலுவலகம் கவனிக்கிறது என்றார்கள். அந்த இரண்டு மாதங்களும் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதா, வாடகை வீட்டைக் காலி செய்வதா என்று எதையும் முடிவு செய்ய முடியாமல் கிடந்தோம்.

நான் கட்டடப் பொறியாளர். சம்பளமில்லா விடுப்பில் உடன் போனேன். ஜே-2 விசாவில் வேலை பார்க்கலாம். ஆனால் அமெரிக்காவுக்குள் நுழைந்த பிறகே அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். அந்தச் சம்பளம் ஜே-1 விசாவில் வந்தவரின் பிழைப்புக்குத் தேவையானதாக இருக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது; குடும்பத்தின் பொழுதுபோக்கு, பண்பாட்டுச் செலவுகள், பயணம் போன்றவற்றுக்கு என்றால் தடையில்லை. ஆகஸ்டில் விண்ணப்பித்த எனக்கு அனுமதி அட்டை பிப்ரவரிக் கடைசியில் கிடைத்தது. ஜூனில் ஊர் திரும்பப்போகிறவனை மார்ச்சில் யார் வேலைக்கு எடுப்பார்கள்? விதியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதை அறிவேன். ஓராண்டுக்கு வருபவரின் துணைக்கு இந்த அனுமதி பெரும்பாலும் பயன்படாது என்று ஏப்ரலிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். என் வருமானத்தையும் நம்பி வீட்டு வாடகையைக் கணக்கிட்டிருக்க மாட்டோம்.

காப்பீட்டிலும் இதே கதை. உடன் வருபவர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒவ்வொரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் ஈடு தருவதாக அது இருக்க வேண்டும். மனைவியின் பிரீமியத்தைப் பல்கலைக்கழகம் கட்டியது. மற்ற மூவருக்கும் உதவித்தொகையிலிருந்து நாங்கள் கட்ட வேண்டும் என்பது போய் இறங்கிய மூன்றாம் வாரத்தில்தான் தெரிந்தது.

இத்தகைய திட்டங்களில் மூத்தது 1938-இல் ஹார்வர்டில் தொடங்கிய நீமன் ஃபெலோஷிப். 'மில்வாக்கி ஜர்னல்' நாளிதழை வளர்த்தெடுத்த லூசியஸ் நீமனின் நினைவாக, அவருடைய மனைவி ஆக்னஸ் வால் நீமன் எழுதிவைத்துவிட்டுப் போன சொத்திலிருந்து பிறந்தது அது. ஒரு பத்திரிகையாளரின் மனைவி கொடுத்த பணம்! அங்கே ஃபெலோவுடன் வரும் துணைவர்களும் வகுப்புகளில் அமரலாம், கருத்தரங்குகளில் கலந்துகொள்ளலாம். எனக்கோ நூலக அட்டைகூடக் கிடைக்கவில்லை. பழைய பாலங்களின் பழுதைப் பற்றி ஒரு பேராசிரியர் வாரம் இருமுறை வகுப்பு எடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இருபது ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலையே அதுதான். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்திருந்தால் யாருக்கும் ஒரு காசு செலவாகியிருக்காது. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

மகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. முதல் நான்கு மாதங்கள் அவள் பள்ளியில் யாருடனும் பேசவில்லை. ஜனவரியில் வாத்தியக் குழுவில் சேர்ந்து கிளாரினெட் எடுத்தாள். வசந்தம் வந்தபோது அவளுக்கு இரண்டு தோழிகள் இருந்தார்கள். குழுவின் ஆண்டு நிகழ்ச்சி ஜூன் 18 என்று அறிவித்தார்கள். டிஎஸ்-2019 படிவத்தில் திட்டத்தின் முடிவு நாள் மே 15. அதற்குப்பின் நாட்டைவிட்டுக் கிளம்ப 30 நாள் அவகாசம் உண்டு. அது ஜூன் 14-உடன் தீர்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு மே மாதத்தில் ஆண்டு முடிகிறது. வடகிழக்கு மாநிலங்களில் பள்ளிகள் ஜூன் நடுப்பகுதியைத் தாண்டியும் நடக்கின்றன. ஜூன் 13 அன்று விமானம் ஏறினோம். வழி முழுவதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள், அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஃபெலோக்கள் தங்கள் ஆய்வை எழுதி முடிக்கவும் ஊர் திரும்ப ஆயத்தமாகவும் கூடுதலாக ஆறு வாரம் ஒதுக்கி, திட்டத்தின் முடிவு நாளை ஜூன் 30 என்று வகுத்துக்கொள்ள உங்களால் முடியும். பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தோன்றவில்லை. உடன் வரும் ஒவ்வொருவருக்கும் காப்பீட்டுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் எவ்வளவு தருவீர்கள், எதைத் தர மாட்டீர்கள் என்பதை விண்ணப்பப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். அது தெரியாததால் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடும் நல்ல செய்தியாளர்களை எனக்குத் தெரியும். ஒருவர் தனியாகக் குழந்தையை வளர்க்கும் தாய். இப்படிப்பட்டவர்கள் உங்கள் பட்டியல் எதிலும் வருவதில்லை. அதனால் அந்த இழப்பு உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தேர்வு முடியும்வரை குடும்பத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நேர்காணலில் அந்தக் கேள்வி எழுந்தால் பெண்களின் வாய்ப்புத்தான் முதலில் குறையும். தேர்ந்தெடுத்த அன்றே கேளுங்கள். அடுத்த ஏப்ரலில் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில், வாழ்த்துக்கு அடுத்த வரியாக இதைச் சேருங்கள்: "உங்களுடன் வருபவர்கள் யார் யார்? அவர்களுடைய பெயர்களை எழுதி அனுப்புங்கள். நான்கு படிவங்கள் என்றாலும் ஒரே உறையில் அனுப்பிவைக்கிறோம்."

இப்படிக்கு,
முன்னாள் ஃபெலோ ஒருவரின் கணவர்